ஆருக்கு வாசிக்கினம்?

பூநகரிப் பக்கத்துக் கோயில்களில் திருவிழா நாளின் உச்சம், இரவுப் பூசை முடிந்து சுவாமி வசந்த மண்டபத்தை விட்டு வெளிக்கிடும் அந்தச் சில நிமிடங்கள்தான். திரை விலகும், அடுக்குத் தீபம் காட்டுவார்கள், காவுகிறவர்கள் தோள் கொடுக்க நெருங்குவார்கள். அதுவரை தூணோரம் கதைத்துக்கொண்டு நின்ற மேளகாரர் நிமிர்ந்து நின்று தவிலில் ஒரு தட்டுத் தட்ட, நாதஸ்வரம் கம்பீரநாட்டையில் மல்லாரியை எடுக்கும். அம்மம்மாவின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்த மூன்று வயதுப் பிள்ளை திடுக்கிட்டு எழும்பி, அழுவதா விடுவதா என்று முழித்துவிட்டு, சத்தம் வருகிற பக்கம் தலையைத் திருப்பும். வன்னியில் ஒரு பிள்ளை கேட்கும் முதல் கச்சேரி அநேகமாக இதுதான். நுழைவுச்சீட்டு கிடையாது, கதிரை கிடையாது, சத்தம் போடக்கூடாது என்ற அறிவித்தலும் கிடையாது.

கதைக்கத் தொடங்கிய பிள்ளை என்றால் கேள்வி கேட்கும். "அம்மம்மா, அவை ஆருக்கு வாசிக்கினம்?" கேட்பதில் நியாயம் உண்டு. வாசிக்கிறவர்கள் சனத்தைப் பார்த்து நிற்பதில்லை. சுவாமியைப் பார்த்து நிற்கிறார்கள். "சாமிக்குத்தான் குஞ்சு" என்று மறுமொழி உடனே வரும். பிள்ளை விடாது.

"அப்ப நாங்கள்?"

இந்த இரண்டாவது கேள்விக்கு மடியில் வைத்துச் சொல்லிவிடக்கூடிய விடை இல்லை. இசை இறைவனுக்கான காணிக்கை என்றால், கூடி நின்று கேட்கிற மனிதருக்கு அதில் என்ன பங்கு? பெரியவருக்காவது ராகம் தெரியும், தாளம் பிடிக்கத் தெரியும், இல்லாவிட்டால் பக்தியாவது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ராகமும் தெரியாத, சாமி ஆர் என்றும் தெரியாத, பத்து நிமிடம் ஓரிடத்தில் இராத, கடைசியில் உறங்கிப்போகிற பிள்ளைக்கு? "விளங்குகிற வயது வரட்டும், பிறகு கூட்டிக்கொண்டு போகலாம்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சைவ மரபை அதன் சொந்தக் கதைகளையும் கோட்பாட்டையும் கொண்டே பார்த்தால், அவர்கள் ஒழுங்கை முன்பின்னாக மாற்றிவிடுகிறார்கள்.

மல்லாரியையே எடுத்துக்கொள்வோம். அதற்குச் சாகித்தியம் கிடையாது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் என்றே உருவான உருப்படி. சுவாமி புறப்படும்போது ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று சடங்கோடு ஒட்டி வளர்ந்தது. சொல்லே இல்லாத இசை என்பதால் "பொருள் விளங்குதல்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வேதம் படித்த குருக்களும், வயலில் இருந்து நேரே வந்து கால் கழுவிக்கொண்டு நிற்கிற கமக்காரரும், மடியில் கிடக்கிற பிள்ளையும் அந்த வகையில் ஒரே நிலையில் நிற்கிறார்கள். திருவிழாவின் மிகப் புனிதமான நேரத்துக்கு மரபு சொல்லில்லாத இசையை வைத்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பார்த்தால் கச்சேரி இன்னும் வேறாகத் தெரியும். நாதஸ்வரத்தின் முனையில் இருந்து நூலில் தொங்கி ஆடுகிற மாற்றுச் சீவாளிகள், அவற்றோடு சேர்ந்து தொங்கும் ஊசி. மூச்சை உள்ளே வாங்கும்போது கழுத்தில் புடைக்கிற நரம்பு. தவில்காரரின் வலக்கை விரல்களில் மாட்டிய வெள்ளைக் கூடுகள், இடக்கையில் பூவரசங் கழி. இரண்டு கைகளும் இரண்டு விதமாக வேலை செய்ய, நடுவில் அவருடைய முகம் ஒரு சலனமும் இல்லாமல் இருக்கிற அதிசயம். பெரியவர்கள் ராகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'கேட்டுக்கொண்டிருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வயதில் கண்ணும் காதும் இன்னும் தனித்தனிக் குடும்பமாகப் பிரியவில்லை.

விளங்காதவர்கள் கேட்பதைப் பற்றி மரபுக்குள்ளேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் ஆனாய நாயனார் கதை. அறுபத்துமூவரில் பலர் சோதனைக்கு ஆளானவர்கள். கண்ணைத் தோண்டியவர், பிள்ளையை அரிந்தவர் என்று நெஞ்சு பதறும் வரலாறுகள் அவை. ஆனாயர் எதையும் வெட்டவில்லை, எவரோடும் வாதாடவில்லை. மாடு மேய்க்கிறவர். கார்காலத்தில் பூத்து நின்ற ஒரு கொன்றையைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து, அதன்கீழ் நின்று ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்தார். அவ்வளவுதான் அவர் செய்த தொண்டு.

அந்தக் கச்சேரிக்கு ஆர் வந்தார்கள் என்பதைச் சேக்கிழார் ஆற அமர விவரிக்கிறார். முதலில் வந்தவை பசுக்கள். மேய்வதை விட்டுவிட்டு வந்து சூழ்ந்தன. பால் குடித்துக்கொண்டிருந்த கன்றுகள் வாயில் நுரையோடு குடிப்பதை மறந்து நின்றன. பிறகு காட்டு மான்கள், மயில்கள், பாம்புகள். பகை உள்ள விலங்குகள் பகை மறந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தேவர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். சிவபெருமான் உமையோடு வந்து காட்சி கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். வரிசை கவனிக்கத்தக்கது. இறைவனுக்காக வாசிக்கப்பட்ட இசையை முதலில் கேட்டவர்கள், அது இறைவனுக்காக என்பதே அறியாதவர்கள். கன்றுக்கு ஐந்தெழுத்துத் தெரியாது. அது நின்றது, அந்த நிற்றலைச் சேக்கிழார் பக்தியின் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். "அப்ப நாங்கள்?" என்று கேட்ட பிள்ளைக்கு மரபிடம் இருக்கிற மறுமொழி, நாயனார் கதையில் அந்தக் கன்றுக்குக் கிடைத்த இடம்தான்.

கதையைக் கோட்பாடாக்கினால் சைவ சித்தாந்தத்துக்கு வந்து சேரலாம். உயிர் தன்னந்தனியாக நின்று அறிவதில்லை, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது என்பது மெய்கண்டார் வழி வந்த ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அடிப்படை. அவர்கள் காட்டும் உவமை படிகம்: பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதைப் படிகம் வாங்கிக்கொள்ளும். ஞானத்துக்கு அவர்கள் சொல்லும் படிகளும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்றே போகின்றன. கேட்டல்தான் முதற்படி. அவர்கள் அங்கே சொல்வது குருவின் உபதேசத்தைக் கேட்பதை, மேளத்தை அல்ல. ஆனாலும் ஒழுங்கு ஒன்றே. தெளிந்த பிறகு கேட்கலாம் என்று எந்தச் சித்தாந்தியும் சொல்லவில்லை. இதைச் சொன்ன மெய்கண்டாரே பால்மணம் மாறாத வயதில் பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றவர் என்பது அந்தப் பரம்பரையின் நம்பிக்கை.

இசைக்காரர் வீடுகளில் இது கோட்பாடாக இருந்ததில்லை, வாழ்க்கையாக இருந்தது. தவில் உலகம் முழுதும் மதித்த தெட்சணாமூர்த்தி 1933இல் இணுவிலில் தவில்காரரான விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தார். அவருக்கு முதல் கச்சேரி எது என்று தேடினால் தொட்டிலுக்குத்தான் போக வேண்டும். நாற்பத்திரண்டு வயதைக் காணாமலே 1975இல் அவர் மறைந்தார். அம்ஷன் குமார் 2015இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. எல்லாப் பிள்ளையும் தெட்சணாமூர்த்தி ஆகப் போவதில்லை, ஆகவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பதே ஒரு கல்வி என்பதற்குத்தான் அவர் இங்கே சாட்சி.

உறங்கிப்போன பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2009இல் ஹங்கேரியைச் சேர்ந்த இஸ்துவான் விங்க்லரும் சகாக்களும் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குத் தாளம் ஒன்றைக் கேட்க வைத்து, இடையிடையே தாளத்தின் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். அடி விடுபட்ட இடத்தில் மூளை அதை உணர்ந்துகொண்டது. வரவேண்டிய அடி வரவில்லை என்று, உறக்கத்தில், பிறந்த சில நாளில். கோயில் மணலில் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டு மேளச்சமா கேட்ட தலைமுறைகள் எந்த ஆய்வையும் வாசித்திருக்கவில்லை. உறக்கம் வந்தால் உறங்கட்டும் என்று விட்டார்கள், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அந்தப் பாய் ஒரு பெரிய அறிவு.

சம்பந்தரை இங்கே சொல்லாமல் விட முடியாது, அதுவும் இந்த ஊரில். பூநகரியிலிருந்து ஏ-32 வீதி வழியே தெற்கே மன்னார்ப் பக்கம் போனால் அவர் இராமேசுவரத்தில் நின்றபடியே பாடிய திருக்கேதீச்சரம் வந்துவிடும். மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் அம்மையின் ஞானப்பாலை உண்டு பாடத் தொடங்கிய பிள்ளை அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்து நடந்ததுதான் இங்கே பொருத்தம். சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கிற திருக்கோலக்காவுக்குப் போய்ச் சின்னக் கையால் தாளம் தட்டித் தட்டிப் பாடினார்; பிஞ்சுக் கை சிவந்துபோகுமே என்று இறைவன் பொற்றாளம் கொடுத்தார்; அதில் ஓசை எழச் செய்தவர் அம்மை என்று தலத்தார் சொல்வார்கள். அந்தத் தலத்தில் அம்மைக்கு இன்றும் ஓசைகொடுத்த நாயகி என்றே பெயர். பிள்ளைக்கு இசை நோகக்கூடாது என்பதில் இறைவனுக்கே அக்கறை இருந்தது என்று ஒரு சமயம் சொல்கிறது. பிள்ளையைக் கச்சேரிக்குக் கூட்டிப்போகும் எவரும் முதலில் படிக்க வேண்டிய இடம் இது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கடலோரமாக வலைப்பாட்டுப் பக்கம் போனால் கத்தோலிக்க ஊர்கள் வருகின்றன. அங்கேயும் பாட்டும் கூத்தும் இல்லாமல் திருநாள் இல்லை. ஆனால் அந்தத் திருச்சபையின் மிகப் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவரான புனித அகுஸ்தீனார் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் இதைப் பற்றிக் கலங்கியிருக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை உருக்கும்போது தான் பாவம் செய்வதாக உணர்கிறார். பாட்டைத் தேவாலயத்தில் இருந்து விலக்கிவிடலாமா என்று கூட எண்ணி, கடைசியில் காதின் வழியாக மனம் பக்திக்கு எழும் என்று ஏற்றுக்கொள்கிறார். நம் பக்கத்தில் ஆறுமுக நாவலர் கோயிலுக்குள் தேவதாசிகளின் ஆட்டம் நடப்பதைக் கடுமையாக எதிர்த்தார். இருவரின் அச்சமும் ஒன்றுதான்: காணிக்கை எந்த இடத்தில் கேளிக்கையாகிறது?

அச்சம் நியாயமானது. ஆனால் அது பெரியவருக்கான அச்சம். பாட்டுக்கும் பொருளுக்கும் இடையே எதை விரும்புகிறோம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சோதனை வரும். பிள்ளைக்கு இன்னும் அந்தப் பிரிவு இல்லை. பிளேட்டோ இதை வேறு வழியாகச் சொன்னார்: நியாயம் விளங்கும் முன்பே ஒலியும் தாளமும் பிள்ளையின் உள்ளத்தில் இறங்கிவிடுகின்றன, நல்லவற்றோடு பழகிய பிள்ளை, பின்னால் நியாயம் வரும்போது அதைப் பழகின முகமாக அடையாளம் கண்டு வரவேற்கும். ஏதென்சில் இருந்த அவரும் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டாரும் ஒருவரை ஒருவர் அறியாமலே சொன்னது ஏறத்தாழ ஒன்றுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, பூநகரியின் காதுகளுக்கு நடந்ததைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. சார்ந்ததன் வண்ணமாகும் என்ற கோட்பாடு இனிமையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளாது. பக்கத்தில் எது இருந்தாலும் படிகம் அதை வாங்கும். 1993 நவம்பரில் பூநகரிப் படைமுகாம் மீதான பெருஞ்சமர். 2008 நவம்பர் 15 அன்று இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. அதற்கு முன்பே சனம் கிழக்கே நகரத் தொடங்கி, அடுத்த மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டது. அந்த மாதங்களில் மூன்று வயதாக இருந்த பிள்ளைக்கும் காது இருந்தது. ஷெல் புறப்படும் சத்தம் எது, வந்து விழும் சத்தம் எது, கிபிர் விமானம் தாழப் பறக்கும்போது எப்படி இருக்கும், எப்போது பங்கருக்குள் குதிக்க வேண்டும் என்று பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதுவும் கேட்டல்தான். சந்தேகமில்லாத, துல்லியமான கேட்டல். விளங்கும் வயது வரட்டும் என்று ஷெல் காத்திருக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று தாய் தகப்பனாகிக் கைக்குழந்தையோடு கோயில் வீதியில் நிற்கிறார்கள். திருவிழாவில் வெடி கொளுத்தினால் குழந்தை சிரிக்கும். தூக்கி வைத்திருக்கிற தகப்பனின் தோள் இறுகும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு உளக்காயம் பற்றி எழுதியபோது, தனி மனிதருக்கான சிகிச்சையோடு நிற்காமல், குடும்பமும் ஊரும் சடங்கும் கலையும் மீளக் கட்டப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். மருத்துவர் அதை மருத்துவமாகச் சொன்னார். சித்தாந்தத்தின் மொழியில் சொன்னால், சார்பை மாற்றிக் கொடுப்பது. இந்த மண்ணில் ஒரு பிள்ளையை மேளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்துவது பொழுதுபோக்கும் இல்லை, பண்பாட்டுப் பயிற்சி என்ற பெரிய பேச்சும் தேவையில்லை. அதிர்கிற சத்தம் எல்லாம் சாவு இல்லை என்று ஒரு காது கற்றுக்கொள்வதற்கு அதுவே முதல் இடம். பக்கத்தில் இருக்கிற தகப்பனும் அதைச் சேர்ந்தே கற்கிறார்.

வன்னியில் இன்னொரு வகை முதல் கச்சேரியும் உண்டு. மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்கு ஆடும் காத்தவராயன் கூத்து. விடிய விடிய நடக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர, சிந்து நடையில் ஒரே விதமான மெட்டுகள் திரும்பத் திரும்ப வரும். சனத்துக்குப் பாட்டுத் தெரியும், மேடையில் இருப்பவர் அடியை விட்டால் கீழே இருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். சின்னக் காத்தானாக ஆட ஊர்ப் பிள்ளை ஒன்றே மேடை ஏறும். அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு மேடை என்பது தங்களுக்கு எட்டாத இடமாகத் தெரிவதில்லை. கடைசியில் கழுமரம். காத்தான் ஏறும்போது பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். சின்னப் பிள்ளைக்கு இதைக் காட்டலாமா என்று கேட்டால், மடி இருந்தால் காட்டலாம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஊரே சேர்ந்து அழுவதையும், விடிந்ததும் அதே ஊர் எழும்பிப் பாயைச் சுருட்டிக்கொண்டு பொங்கலுக்குப் போவதையும் ஒரே இரவில் பார்க்கிற பிள்ளை துக்கத்தைப் பற்றி ஏதோ ஒன்றை அறிந்துகொள்கிறது. பயந்தால் முகத்தைச் சேலைக்குள் புதைக்கட்டும். அதற்கும் மடியில் இடம் இருக்கிறது.

மடி இல்லாமல், வெறும் சத்தமாக இசை வரும்போதுதான் சிக்கல். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி வழக்கொன்றில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி, விசேட சமய நாட்களுக்கு மட்டும் விலக்கு வைத்துக் கட்டளையிட்டது. விரும்பாதவரைக் கேட்கக் கட்டாயப்படுத்துவதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்பது அதன் உட்பொருள். கட்டளை சமயத்துக்கு எதிரானது என்று முறைப்பட்டவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். ஆனால் சாமிக்கு வாசிப்பதுதான் மேளம் என்றால் அதற்கு மூன்று மைல் தூரத்துக்குக் கேட்கிற குழாய் எதற்கு? தவிலும் நாதஸ்வரமும் திறந்த வெளிக்கென்றே பிறந்தவை. ஒரு வீதியை நிறைக்க அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. கலை நிகழ்ச்சி இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறை. அதுவும் பெரியவர்களை மனதில் வைத்தது. பிள்ளைகள் விடயத்தில், காதில் மாட்டும் கருவிகளுக்கே அந்த நிறுவனம் பெரியவர்களைவிடக் குறைந்த அளவைத்தான் பரிந்துரைக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பது பக்தி ஆகாது. பொற்றாளம் கொடுத்தவர் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

பெரிய மேடைக் கச்சேரிகளும் இப்போது கடலேரிக்கு அக்கரையில் வரத் தொடங்கிவிட்டன. 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே நெருக்கியதில் நிகழ்ச்சி தடைப்பட்டதை வடக்கில் எல்லாரும் அறிவார்கள். அப்படியான இடத்துக்கு மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோகலாமா என்பதற்கு வாதமே வேண்டாம். மறுமுனையில் லண்டனின் ராயல் அல்பர்ட் மண்டபம்; அங்கே நடக்கும் ப்ராம்ஸ் இசைவிழாவில், சிறுவருக்கான சில நிகழ்ச்சிகள் நீங்கலாக, ஐந்து வயதுக்குட்பட்டவர்களை உள்ளே விடுவதில்லை. மற்றவர்கள் அமைதியாகக் கேட்க வேண்டும் என்பது காரணம், அதுவும் அந்த இசைக்கு நியாயம்தான். ஒரு பக்கம் நெரிசல், மறுபக்கம் தடை. இரண்டிலும் இசை கேட்பவருக்காகவே நடக்கிறது. கேட்பவரைப் பார்த்து வாசிக்காத இசையில்தான், கேட்பவர் எழும்பி ஓடினாலும் உறங்கினாலும் அழுதாலும் வாசிப்பவருக்குக் குறை இல்லை. சாமி எழும்பிப் போகவில்லையே. பிள்ளைக்குக் கிடைக்கிற இந்தச் சுதந்திரம், அம்மம்மா சொன்ன அந்த ஒற்றை மறுமொழிக்குள்தான் இருக்கிறது.

பூநகரியில் இதை நடைமுறையில் காப்பாற்றுவது கோயில் நிர்வாகங்களின் கையில் இருக்கிறது. முன்னொரு காலத்தில் சங்குப்பிட்டியில் கடலேரியைக் கடக்கப் பாதைப் படகு ஓடியது. போர்க்காலத்தில் அதுவும் நின்றது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகு இணுவில், அளவெட்டி மேளகாரர் ஆனையிறவைச் சுற்றாமல் மாலையில் வெளிக்கிட்டு இரவுப் பூசைக்கு வந்து சேரலாம். வரவழைப்பதற்குத்தான் மனம் வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று மேளத்தை ஒரு தவில், ஒரு நாதஸ்வரமாகச் சுருக்கிவிட்டு, மிச்சக் காசை மின்விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கிற கோயில்கள் பிள்ளைகளிடம் இருந்து எதை எடுக்கின்றன என்று ஒரு தடவை யோசிக்கட்டும். பூசையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பதினொரு மணிக்குச் சுவாமியை எழுப்பாமல், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் மல்லாரி தொடங்கலாம். வசந்த மண்டபத்தில் மேளம் வாசிக்கும் நேரம் ஒலிவாங்கியை நிறுத்தி வைக்கலாம். வெளிவீதியில் சுவாமி தரித்து நிற்கும் இடத்தில், தவிலில் இருந்து பத்துப் பதினைந்து பாகம் தள்ளி, பாய் விரிக்க ஒரு பக்கத்தைத் தாய்மாருக்கு ஒதுக்கிவிட்டால் காதும் தப்பும், பார்வையும் மறையாது. வாசித்து முடிந்து மேளகாரர் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பிள்ளைகள் கிட்டப் போய்க் கூட்டையும் கழியையும் பார்க்க விரும்பினால், கேட்டால் பெரும்பாலான மேளகாரர் மறுக்க மாட்டார்கள். அடுத்த திருவிழாவுக்கு மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கப் போகும்போதே நிர்வாகத்தார் இவற்றையும் அவர்களோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.